கோப்பையும் கோப்பும்

உரையைப் படித்து, பிரித்து, கோப்புகளாக எழுதித் தரும் நிரல் இருபது வரிக்குள் அடங்கிவிடும். அதன் பிழைகள் அடங்குவதில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சரக்கு கம்மாபுரம் வட்டாரக் கடைகளுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் வரிக்கு ஒரு சரக்கு: 'கம்மாபுரம், கோப்பை, 24'. ஊருக்கு ஒரு கோப்பு எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. பைத்தானில் இதை ஒரே மாலையில் எழுதி முடிக்கலாம். அது சரியாக ஓடப்போவது எந்த மாலையில் என்பதைப் பஞ்சாங்கம்தான் சொல்ல வேண்டும்.

தொல்லையின் வேர் ஒன்றே. கண் பார்ப்பது எழுத்தை. கணினி பார்ப்பது எண்ணை. 'கம்மாபுரம்' படிப்பவருக்கு 6 எழுத்து, யூனிகோடுக்கு 10 குறி, யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 30 பைட். மூன்றும் சரியான கணக்கு என்பதால், யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

முதல் பிழை பெரும்பாலும் முதல் வரியிலேயே இருக்கும். எக்செல்லில் யு.டி.எஃப்-8 சி.எஸ்.வி.யாகச் சேமித்த கோப்பின் தலையில் பி.ஓ.எம். என்ற கண்ணுக்குத் தெரியாத குறி உட்கார்ந்திருக்கும். அது முதல் வரியின் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொள்ள, ஒரே ஃபோல்டரில் கம்மாபுரம் என்ற பெயரில் இரண்டு கோப்புகள் முளைக்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்பவர் அவற்றை மாறி மாறித் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். வெற்றிடம் நீக்கும் கட்டளைக்கு இந்தக் குறி அசையாது. படிக்கும்போதே பி.ஓ.எம்.மை விலக்கும் குறியாக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கோப்பை. 'கோ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மொத்தக் கணக்கிலோ 'கோப்பை 24', 'கோப்பை 36' என்று பங்காளிகளைப் போலத் தனித்தனியாக நிற்கும். யூனிகோடின் என்.எஃப்.சி. முறையில் முதலிலேயே சீராக்கிவிட்டால் கணக்கு ஒன்றுகூடும்.

மூன்றாவது பிழைக்கு ஊரே காரணம். கம்மாபுரம் ஒன்றியத்தில் இருப்பு என்றே ஒரு கிராமம் உண்டு. வரியில் 'இருப்பு' என்ற சொல் வந்தால் அந்த ஊர்க் கோப்பில் சேர் என்று நிரல் எழுதினால், இருப்புக்குறிச்சிக்குப் போக வேண்டிய பொம்மையும் அங்கே போய்ச் சேரும். 'கடை இருப்பு 60' என்ற குறிப்பும் பின்னாலேயே போகும். வரியைக் காற்புள்ளியில் பிரித்து, ஊருக்கான முதல் பகுதியை மட்டும், அதுவும் முழுப்பெயராக ஒப்பிடுவதே வழி.

எழுதும் கட்டத்துப் பிழைகள் இன்னும் துணிச்சலானவை. கோப்பைப் புதிதாகத் திறக்கும் கட்டளை சுழற்சிக்குள் இருந்தால், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியை அழிக்கும். கடைசிச் சரக்கு மட்டும் மிஞ்சும். 'பின்னால் சேர்' என்று மாற்றினால், சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சரக்கு பெருகும். குறியாக்கத்தைச் சொல்லாமல் திறந்தால், பல விண்டோஸ் கணினிகளில் பைத்தான் பழைய மேலை ஐரோப்பியக் குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு, தமிழைக் கண்டதும் நின்றுவிடும். அதற்குள் கோப்பு பிறந்திருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. எல்லா வரிகளையும் ஊர்வாரியாகச் சேர்த்த பிறகு, ஒவ்வொரு கோப்பையும் யு.டி.எஃப்-8 என்று சொல்லி ஒரே முறை திறந்து எழுதி மூடுவது நலம்.

பிழை வெளிப்படுவது எழுதும் இடத்தில். பிறப்பது படிக்கும் இடத்தில். அதனால் முன்னிருந்து தேட வேண்டும். மூலப் பட்டியலைத் தொடாமல், மூன்று வரி மட்டும் நகலெடுத்து ஓட்ட வேண்டும். சந்தேகப்படும் சொல்லைத் திரையில் பார்க்காமல், அதன் எண்களை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். முடிவில், பட்டியலின் மொத்த எண்ணிக்கையும் எல்லா ஊர்க் கோப்புகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் வழியில் உடைந்திருக்கும் என்ற சமாதானம் பீங்கானுக்குச் செல்லும், கோப்புக்குச் செல்லாது.