என்னையும் நாய்க் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வணிகவரித் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்,
தற்சமயம் மகன் வீடு, எடிசன், நியூ ஜெர்சி.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
அமெரிக்கப் போக்குவரத்துத் துறை,
1200, நியூ ஜெர்சி அவென்யூ, வாஷிங்டன்.

பொருள்: விமானப் பயணம் – காலடி இடம் – சேவை நாய்க்கு உள்ள விதியை மனுதாரருக்கும் நீட்டிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 11.01.2021 முதல் நடைமுறையில் உள்ள தங்கள் துறையின் சேவை விலங்கு விதி.

ஐயா,

பணிக்காலம் முழுக்கக் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் என்ற முறையில் முதலில் என் பாராட்டு. தங்கள் துறையின் சேவை நாய்ப் படிவத்தை மகன் அச்செடுத்துக் கொடுத்தான். ஒரு வரி விடாமல் படித்தேன். நாயின் பெயர், எடை, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, மருத்துவர் யார், பழக்கியது யார், அவருடைய போன் நம்பர், உடம்பில் உண்ணி தெள்ளுப்பூச்சி உண்டா, இதற்கு முன் யாரிடமாவது சீறிப் பாய்ந்திருக்கிறதா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பொய் சொன்னால் மத்திய அரசுக் குற்றம் என்ற எச்சரிக்கையும் உண்டு. பயணம் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் இன்னொரு படிவம். அதுவரை நாய் அடக்கிக்கொள்ளும், முடியாமல் போனாலும் யாருக்கும் சுகாதாரக் கேடு வராமல் காரியத்தை முடிக்கும் என்று அதன் சார்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்குக்கூட இவ்வளவு கேட்டதில்லை. படிவம் வடித்த அந்த அலுவலர் யாரோ, அவர் எங்கள் துறையில் பிறந்திருக்க வேண்டியவர்.

இந்த விதி ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். முந்தைய விதியில், பாம்பு முதலான ஊர்வன, எலி வகை, சிலந்தி இவற்றையெல்லாம் ஏற்ற வேண்டியதில்லை என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். பட்டியல் போடுவதில் இதுதான் ஆபத்து. விடுபட்டது எதுவோ அது மறுநாள் வாசலில் வந்து நிற்கும். மயில் விடுபட்டிருந்தது. 2018 ஜனவரியில் டெக்ஸ்டர் என்ற மயில், மன ஆறுதல் விலங்கு என்ற பெயரில் நெவார்க் விமான நிலையத்துக்கு வந்தது. யுனைடெட் நிறுவனம் ஏற்ற மறுத்துவிட்டது. எங்கள் பக்கம் மயில் மேல் ஏறி ஒருவர் உலகத்தையே சுற்றி வந்தார். மயிலை ஏற்றிக்கொண்டு சுற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதற்கு முன்பே, 2014-இல் கனெக்டிகட்டில் ஒரு பன்றி, விமானம் கிளம்புவதற்குள் அசிங்கம் செய்து கீழே இறக்கப்பட்டிருந்தது. 2018 அக்டோபரில் ஆர்லாண்டோவில் ஓர் அணிலோடு ஏறிய பயணி இறங்க மறுத்ததால், மற்ற எல்லாரையும் இறக்கிவிட்டுப் போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. சேது பாலத்துக்கு மண் சுமந்த அணிலுக்கே முதுகில் மூன்று கோடுதான் கிடைத்தது, ஐயா.

பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. வணிகவரிக்காரன் கண்ணுக்கு இது வரி ஏய்ப்பு. செல்லப் பிராணியைக் கேபினில் கொண்டுபோக ஒரு வழிக்கு நூறு, நூற்றைம்பது டாலர் கேட்கிறார்கள். அந்தப் பிராணி கூண்டுப் பையை விட்டு வெளியே வரக்கூடாது. பையை முன் இருக்கைக்கு அடியில்தான் வைக்க வேண்டும். அது கைப்பெட்டிக் கணக்கிலும் சேரும். அதாவது டிக்கெட் எடுத்தபோதே நான் வாங்கிவிட்ட என் காலடி இடத்தை, அதே கம்பெனி எனக்கே இரண்டாம் தடவை விற்கிறது. முந்தைய விதியில், அதே பிராணிக்கு மன ஆறுதல் விலங்கு என்று ஒரு கடிதம் இருந்தால் காசே கிடையாது. ஒரு பாதையில் வரி, பக்கத்துப் பாதையில் விலக்கு என்று வைத்தால் லாரி எந்தப் பாதையில் போகும் என்பது எங்கள் செக்போஸ்ட் காவலாளிக்கே தெரியும். 2016-இல் 4,81,000 ஆக இருந்த மன ஆறுதல் விலங்குப் பயணம் மறுவருடமே 7,51,000 ஆனது என்று விமான நிறுவனங்களின் சங்கமே கணக்குச் சொன்னது. ஒரே வருடத்தில் கூடுதலாக இரண்டு லட்சத்து எழுபதாயிரம் பயணங்களுக்கு மனம் நொந்துவிட்டதா, அல்லது பை நொந்ததா? நிஜமாகவே மனம் நொந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். புதிய விதி அந்த விலக்கை ஒரேயடியாக எடுத்தபோது அவர்களுக்கும் சேர்த்துத்தான் போனது. கள்ளக் கணக்கு எழுதியவனைப் பிடிக்கச் சோம்பல்பட்டு, கடைத்தெருவையே மூடுகிற அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

டெல்டா நிறுவனம் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, விமானத்துக்குள் விலங்குகள் கடித்தது, அசுத்தம் செய்தது முதலான சம்பவங்கள் 2016-இலிருந்து 84 சதவீதம் கூடியிருந்தன. இதில் முதல் அடி யாருக்கு விழுந்தது என்றால், நிஜமான வழிகாட்டி நாய்க்கு. சமீபத்தில் மகளைப் பார்க்கச் சான் பிரான்சிஸ்கோ போனபோது எனக்குப் பக்கத்து இருக்கையில் பார்வையில்லாத அம்மா ஒருவர். கூடவே ஒரு கறுப்பு லாப்ரடார். அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அது பின்பக்கமாகவே நகர்ந்து முன் இருக்கைக்கு அடியில் நுழைந்து, வண்டிச் சக்கரம் ஏறிவிடாதபடி வாலை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு படுத்தது. அதற்கப்புறம் அங்கே நாய் இருப்பதே மறந்துபோனது. என் ஷூவின் மேல் அதன் தாடை இருந்ததை, மரத்துப்போன காலை அசைத்தபோதுதான் பார்த்தேன். இரண்டு வரிசை தள்ளி இன்னொரு நாய். சுருட்டை முடி, சிவப்புச் சட்டை, சட்டையில் ‘சேவை நாய், தொடாதீர்கள்’ என்ற எழுத்து. கழுத்துப் பக்கம் அளவுச் சீட்டு வெட்டப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டை இணையத்தில் யார் கேட்டாலும் கிடைக்கும். லாப்ரடாரின் வாசம் பட்டதிலிருந்து அது குரைத்த குரைப்பில் மூன்று குழந்தைகள் விழித்துக்கொண்டன. லாப்ரடார் ஒரு தடவை தலையைத் தூக்கியது. அந்த அம்மா குனிந்து அதன் நெற்றியில் விரலை வைத்தார். அவ்வளவுதான், தலை மறுபடி என் ஷூவுக்கு வந்தது.

இரண்டு நாய்க்கும் ஒரே படிவம், ஐயா. முன்பு மன ஆறுதல் விலங்குக்காவது மருத்துவத் தரப்பிலிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது. இப்போது நாயை நாமே பழக்கியதாக நாமே எழுதி நாமே கையெழுத்துப் போட்டால் போதும். பொய் சொல்கிறவருக்கு அது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. திரையில் எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று தடவித் தேட வேண்டியவர் பார்வையில்லாதவர்தான். கள்ளனைப் பிடிக்க வைத்த கதவில் வீட்டுக்காரரே நெற்றியை இடித்துக்கொள்கிறார்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

தங்கள் விதியில் ஒரு வாசகம் உண்டு. சேவை நாய், எஜமானரின் மடியிலோ காலடி இடத்திலோ அடங்க வேண்டும் என்று விமான நிறுவனம் கேட்கலாம். நியாயமானதுதான். அந்தக் காலடி இடம் குறைந்தது எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று தேடினேன். அப்படி ஓர் அளவே இல்லை. நாய்க்கு அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோலுக்கு அளவில்லை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே முன்பு சராசரியாக 35 அங்குலம் இருந்தது 31 ஆகி, சில விமானங்களில் 28 வரை வந்துவிட்டது. பயணிகள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, 2017-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சுருங்கிக்கொண்டே போகும் இருக்கை வழக்கு என்று கேலியாகப் பெயர் வைத்தே விசாரித்து, விஷயத்தைத் தங்கள் துறையின் கீழுள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் திருப்பி அனுப்பியது. 2018 அக்டோபரில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, ஒரு வருடத்துக்குள் குறைந்தபட்ச அளவை முடிவு செய்யச் சொன்னது. நான் இதை எழுதும் நாள் வரை அளவு வரவில்லை.

அவசரத்தில் 90 விநாடிக்குள் இறங்க முடிகிறதா என்று நிர்வாகம் ஓக்லஹோமா சிட்டியில் சோதனை நடத்தியது உண்மை. அதில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் அறுபது வயதுக்கு உட்பட்ட, உடலில் குறையில்லாதவர்கள். குழந்தை இல்லை, கிழவன் இல்லை, ஊன்றுகோல் இல்லை. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கெடுக்கையில் சொந்தக்காரர்களை மட்டும் விட்டுவிட்ட மாதிரி. 2022-இல் பொதுமக்கள் கருத்தும் கேட்டார்கள். 26,000 பேருக்கு மேல் எழுதினார்கள். கோப்பு தூங்குகிறது. நாய் விஷயத்தில் அப்படியில்லை. 2020 தொடக்கத்தில் வரைவு வெளியானது, 15,000 பேருக்கு மேல் கருத்துச் சொன்னார்கள், ஊரே கொரோனாவில் முடங்கிக் கிடந்த அந்த வருடம் டிசம்பருக்குள் இறுதி விதியே வந்துவிட்டது. தங்கள் துறைக்கு வேகம் இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. கோப்பில் நாய் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே மனிதன் என்ற வகையில் எனக்கு அளவு கிடைக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டேன். சேவை நாய் என்ற வகையில் என்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கிறேன். நாய் மட்டும்தான் சேவை விலங்கு என்று தாங்கள் வரையறுத்திருப்பது தெரியும். தரையில் குட்டிக் குதிரைக்கும் இடம் கொடுக்கிற தங்கள் நாட்டுச் சட்டம், ஆகாயத்தில் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் என் தகுதியைப் பாருங்கள். நான் இடுப்பில் வாருடன் அமர்ந்து பழகியவன். என்னைப் பழக்கியவர் என் மனைவி. போன் நம்பர் படிவத்தில் உள்ளது, இந்திய நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டியதில்லை, இங்கேதான் இருக்கிறார். அவருக்கு நான் செய்யும் பணிகள்: காலையில் பிரஷர் மாத்திரையை நினைவுபடுத்துவது, பையை மேலே ஏற்றி இறக்குவது, கேட் மாறினால் முதலில் ஓடுவது, தொலைந்த கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது. உட்கார் என்றால் உட்காருவேன். தடுப்பூசிக்கு அத்தாட்சியாக இடது புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. கடித்ததில்லை. குரைத்திருக்கிறேன், சாப்பாட்டுத் தட்டு திறந்திருக்கும்போதே இருக்கையைப் பின்னால் சாய்த்த ஒருவரிடம். எட்டு மணி நேர உறுதிமொழியை மட்டும் தர இயலாது. சர்க்கரை. சென்னைக்குத் திரும்பும்போது ஜன்னல் பக்கம் கிடைத்தால் நடுராத்திரியில் இரண்டு பேரை எழுப்பித்தான் ஆக வேண்டும். தங்கள் நாட்டில் ஆண்டுக்கு 10,000 பேர் ஏறும் நிலையமாக இருந்தாலே, பாதுகாப்புச் சோதனை தாண்டி டெர்மினலுக்கு உள்ளே சேவை விலங்கு ஒதுங்க இடம் இருக்க வேண்டும் என்ற விதியை அறிவேன். அந்தச் செயற்கைப் புல்லுக்கு நான் உரிமை கோரவில்லை.

இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம் என்கிறான் மகன். எனக்குக் கடைவாயில் ஒரு உலோகப் பல் இருக்கிறது. அது செல்லுமா என்று தெரிவிக்கவும். விசா விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பணம் கொடுத்து இடம் வாங்கிக்கொள்ளலாமே என்று குறிப்பெழுத நினைக்கும் அலுவலருக்கு: 2021 செப்டம்பரில் ஒரு மால்டீஸ் நாய் மும்பையிலிருந்து எங்கள் சென்னைக்கு வந்தது. அதன் உரிமையாளர் ஏர் இந்தியா பிசினஸ் வகுப்பின் 12 இருக்கைகளையும் மொத்தமாகப் பதிவு செய்திருந்தார். செய்தியில் படித்தேன். அந்த நாய் தாராளமாகக் காலை நீட்டியிருக்கும். என் ஓய்வூதியத்தில் கால்பங்கு இருக்கைகூட வராது.

மனுவைப் பரிசீலித்து, நாய்க்குச் சொல்லும் ‘காலடி இடம்’ என்பதற்கு ஓர் எண்ணை நிர்ணயித்து ஆணையிட வேண்டுகிறேன். நாய்க்காகவே நிர்ணயித்தாலும் ஆட்சேபணை இல்லை, அதில் நான் நுழைந்துகொள்வேன். நிராகரிப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும். சேவை விலங்குப் படிவத்தைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே கேட்கலாம் என்று விதியில் இருப்பதால் இன்றே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். என் விமானம் வெள்ளிக்கிழமை, நடு இருக்கை.

தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்