முழு ஆளுக்கு ஒரு டாக்டர்

கேள்வி: எங்கள் குடும்ப டாக்டர் வயதாகிவிட்டதென்று கிளினிக்கை மூடிவிட்டார். இனி சாதாரண ஜுரத்துக்கு யாரிடம் போவது?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: முழங்காலுக்கு ஒருவர், முதுகுக்கு ஒருவர் என்று உங்கள் பேட்டை முழுக்க ஸ்பெஷலிஸ்ட்டுகள். முழு ஆளுக்குத்தான் டாக்டர் இல்லை! “உங்கப்பாவுக்கும் சல்ஃபா மாத்திரை ஒத்துக்காதேம்மா” என்று சீட்டெழுதும்போதே நினைவுபடுத்துகிறவர்தான் குடும்ப டாக்டர். எந்த ஸ்கேனிலும் அது தெரியாது. எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று படித்து முடிக்கவே பாதி இளமை போய்விடுகிறது; அதற்கப்புறம் தி.நகர் வாடகையில் தனி கிளினிக் போட யார் துணிவார்கள்?

அடையாறு வி.எச்.எஸ். மருத்துவ நிறுவனத்தை 1958-இல் தொடங்கிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி, வருமானத்துக்கேற்ற சந்தாவில் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் என்று திட்டம் போட்டார். அந்த யோசனையை ஊரெங்கும் பரப்பாமல் விட்டது பெரிய நஷ்டம்.

2023 ஜூனில் தமிழ்நாடெங்கும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறந்தார்கள். ஜுரத்துக்குத் தயங்காமல் அங்கே போங்கள். மாலையிலும் டாக்டர் இருப்பார். ஆனால் மாற்றலாகாத டாக்டர் வேண்டுமென்றால், ஃபேமிலி மெடிசின் படித்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று மருந்துக்கடைக்காரரிடம் விசாரியுங்கள். பழைய டாக்டரிடம் உங்கள் வீட்டு வியாதிகளையும் ஒவ்வாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, உடம்பு நன்றாக இருக்கும்போதே புதியவரைப் போய்ப் பாருங்கள். 103 டிகிரியில் அறிமுகம் செய்துகொள்ள முடியாது!