லைசென்ஸ்காரர்

சிக்கல் என்றதும் நாகப்பட்டினத்துச் சிங்காரவேலரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்துச் சிக்கல். உத்தரகோசமங்கையைத் தாண்டிச் சாயல்குடிக்குப் போகிற பக்கம் இருப்பது. இந்தச் சுற்றுவட்டத்தில் எங்காவது ஓர் ஊரில் 'துப்பாக்கி வீடு' என்று ஒன்று இருக்கும். வழி கேட்டால் சிறுபிள்ளைகூடக் கைகாட்டும். அந்த வீட்டுக்காரரை அடையாளம் காண மீசையைப் பார்த்துப் பயனில்லை. மீசை இங்கே எல்லோருக்கும் உண்டு. கக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு மஞ்சப்பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஆயுத உரிமப் புத்தகம், அதற்கு ஏழெட்டு ஜெராக்ஸ், கருவூலச் சலான்கள், டாக்டர் சர்டிபிகேட், ஸ்டேஷனில் வாங்கிய ரசீது. ரைஃபிள் வைத்திருக்கிறவர் தோற்றமே இல்லை. பட்டா மாறுதலுக்கு நடக்கிறவர் தோற்றம். சட்டம் அவரைச் செதுக்கிச் செதுக்கி இப்படி ஆக்கியிருக்கிறது. இந்த நாட்டில் துப்பாக்கியை அடக்கி வைத்திருப்பது சிறைத்தண்டனையைவிட அலைச்சல்தான் என்பது என் கட்சி. அந்த அலைச்சலால் ஊருக்கு நன்மையே தவிரக் கெடுதல் அதிகமில்லை என்பதும் சேர்த்துத்தான்.

அலைச்சலின் அளவைக் கொஞ்சம் பார்க்கலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் சேர்ந்து கேட்பவை இவை: மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, ஆயுதத்தைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, உடலும் மனமும் சரியாக இருப்பதாக மருத்துவச் சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பதாக உறுதிமொழி. எத்தனை தோட்டா வாங்கலாம், கையில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். .303 போன்ற ராணுவக் குழல் சாதாரண ஆளுக்குக் கிடையாது. அதனால்தான் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் இந்தியக் குடிமகனின் ரைஃபிளாக நிலைத்தது. துருப்பிடித்துப் போனால் பழுது பார்க்கவும் உரிமம் பெற்ற ஆள்தான் வேண்டும். பூட்டு, கலப்பை, மாட்டுவண்டி அச்சு எல்லாவற்றையும் சரி பண்ணுகிற உள்ளூர் ஆசாரி இந்த ஒன்றைத் தொட்டால் அவரும் உள்ளே போக வேண்டியதுதான். உரிமம் செல்லும் எல்லை மாவட்டத்தோடு முடிந்து, பழுது பார்க்கிற கடை அடுத்த மாவட்டத்தில் இருந்துவிட்டால், துப்பாக்கியை வைத்தியத்துக்குக் கூட்டிப்போக அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் உரிம காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. லைசென்ஸ்காரர் அன்று சந்தோஷப்பட்டிருப்பார். அதே திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்தும் அந்தக் கணக்கில் அடக்கம். மிச்சத்தை ஓராண்டுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல், மாமனார் கொடுத்த ஒற்றைக்குழல், தான் ஆசையாக வாங்கிய ரைஃபிள் என்று மூன்று வைத்திருந்தவர் எதைக் கொடுப்பார்? மாமனாருடையதைத்தான் கொடுப்பார். கொடுத்தார். வீட்டம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

இத்தனையும் கடந்து கைக்கு வந்த துப்பாக்கியாவது வீட்டில் தங்குகிறதா என்றால், தேர்தல் விடுவதில்லை. நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடும். வங்கிக் காவலுக்குப் போகிற முன்னாள் ராணுவத்தினர் போன்ற சிலருக்கு விலக்குக் கிடைக்கும். மற்றவர்கள் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 2019 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல். அந்த டிசம்பரில் ஊராட்சித் தேர்தல். 2021 ஏப்ரலில் சட்டமன்றம். 2024இல் மார்ச் 16ஆம் தேதி அறிவிப்பு வந்து, ஏப்ரல் 19ஆம் தேதி ஓட்டுப் போட்டு, ஜூன் 4ஆம் தேதி எண்ணி முடிக்கும் வரை இரண்டரை மாதத்துக்கு மேல். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதுபோல அனுப்பி, திரும்பி வருகிற நாளை எண்ணிக்கொண்டிருப்பார். டீக்கடையில் இளவட்டங்கள் விசாரிப்பதும் அந்தத் தோரணையில்தான்: "என்ன மாமா, துப்பாக்கி இப்ப நம்ம வீட்லயா, அங்கனயா?" அவர் கோபித்துக்கொள்வதில்லை. "அங்கனதான் மாப்ளே. எண்ணி முடிக்கட்டும், கூட்டியாந்துரணும்" என்பார். ஊருக்குள் தகராறு வலுக்கிற காலத்தில்தான் துப்பாக்கிக்குத் தேவை வரும் என்பது அவர் வாதம். அந்தக் காலத்தில்தான் அது வீட்டில் இருக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். 1957இல் முதுகுளத்தூர்க் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே நிர்வாகத்தின் வாதத்துக்குத்தான் கனம் அதிகம். அவரும் உள்ளுக்குள் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் மட்டும், "தேர்தலே வைக்காம இருந்தா உனக்கே போடுறேம்ப்பா" என்பார்.

துப்பாக்கி திரும்பி வந்த அன்றைக்கு வீட்டில் நடப்பதைப் பார்க்க வேண்டும். வாலிநோக்கத்து உப்பளங்களைத் தொட்டு வருகிற காற்று இது; சைக்கிள் செயினையே சும்மா விடாது, ரைஃபிளை விடுமா? திண்ணையில் சாக்கை விரித்து, தோட்டா உள்ளே இல்லை என்று மூன்று தரம் பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றுவார். பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் சொல்கிற 'புல்த்ரூ' ஒன்று வைத்திருப்பார்: கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி செருக ஒரு கண்ணி. குண்டைக் குழலுக்குள் விட்டு, மறுபக்கம் தலை காட்டியதும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பாதியில் நின்றால் துணி சிக்கிக்கொள்ளும். முதல் துணி காப்பிப்பொடி நிறத்தில் வரும். இரண்டாவது கடுங்காப்பி. ஐந்தாவது ஆறாவது துணி வெளுத்து வந்த பிறகு எண்ணெய். தேங்காயெண்ணெய் கூடாது, பிசுக்காகிவிடும்; தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. பிறகு குழலை வானத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே சுருள் சுருளாக ஓடுகிற வரிப்பள்ளத்தில் வெளிச்சம் வழுக்கிப் போவதைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இத்தனை சலானும் கட்டினார் என்று தோன்றும். பேரன் "தாத்தா, நானு" என்று வந்து நிற்பான். அவனுக்கும் ஒரு கண்ணை மூடச் சொல்லிக்கொடுப்பார். அவனுக்கு இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு அருவாள், மண்வெட்டி, மோட்டார் சைக்கிளோடு இதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு. வீட்டில் தடுக்க முடியாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பொட்டு வைத்த இடத்தில் பொட்டு அளவுக்குத் துரு.

சரி, இவ்வளவு பராமரித்து எங்கே சுடுவது? கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால், 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. திருவிழாவுக்கோ சாமி ஊர்வலத்துக்கோ பள்ளிக்கூட வளாகத்துக்கோ எடுத்துப்போகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. வேட்டைக்கு வனவிலங்குச் சட்டம் எப்போதோ பூட்டுப் போட்டுவிட்டது. அதோடு சிக்கலுக்குப் பக்கத்திலேயே மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1998இல் அறிவிக்கப்பட்டது, 593 ஹெக்டேர். கொஞ்சம் தள்ளிச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். இரண்டும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிவிட்டன. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற உரிமதாரர் வனத்துறையிலும் தன் பெயரைப் பதிய வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, பூநாரையும் கூழைக்கடாவும் இவர் பெயரை அறியும். ஊரில் சிலருக்குத்தான் தெரியாது. அடுத்த மாவட்டத்து வேட்டங்குடியில் பறவை மிரளுமென்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத ஊர்கள் இருக்கும்போது இவர் எதைப் பேசுவது? கடைசியில் இந்த ரைஃபிள் முறையாக வெளியே போய்வருகிற இடங்கள் போலீஸ் ஸ்டேஷனும் கலெக்டர் ஆபீசும்தான்.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் சாமானியர்கள் அல்லர். நிராயுதபாணியாக்குவது அடிமைப்படுத்துகிறவன் செய்கிற வேலை என்பார்கள். சரித்திரம் அவர்கள் பக்கம் பேசத்தான் செய்கிறது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் போட்ட பிரகடனம் இந்தத் தெற்குச் சீமையின் ஆயுதங்களைப் பிடுங்கியது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் இன்று கண்ணாடிக்குள் இருக்கிற வளரிகள், ஒரு காலத்தில் இந்த மண்ணில் ஆளுக்கொன்றாகப் புழங்கியவை. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. வெள்ளைக்காரன் செய்த தீங்குகளில் மிகக் கறுப்பானது அதுதான் என்று எழுதியவர் காந்தி. துப்பாக்கிப் பிரியர்கள் காந்தியை மேற்கோள் காட்டுகிற ஒரே இடம் இது. 1931 கராச்சிக் காங்கிரஸ் தீர்மானத்திலும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை உண்டு. ஆனால் அங்கேயே 'விதிகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வால் இருக்கிறது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசியலமைப்பில் சேர்க்கப் பார்த்தார்; அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்நியன் போட்ட பூட்டு என்பதாலேயே கெட்ட பூட்டாகிவிடாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் சாவியே இல்லை. 2017 மதிப்பீட்டின்படி அங்கே நூறு பேருக்கு நூற்றிருபது துப்பாக்கி, கைக்குழந்தைக்கும் பங்குண்டு. நம் நாட்டிலேயே 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்து 77 ஆயிரம் உரிமங்கள். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். அந்த 12 லட்சம் அங்கே பயத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஓடுகளைத்தான் உடைத்தது. குடகுக்காரர்களைக் காட்டுவார்கள். அவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உரிம விலக்கு உண்டு, 2029 வரை நீட்டியும் இருக்கிறார்கள். அங்கே துப்பாக்கி குலதெய்வத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது; நாலு தலைமுறை வளர்த்த கட்டுப்பாடு அதைக் காவல் காக்கிறது. அதைச் சட்டம் போட்டு இறக்குமதி செய்ய முடியாது.

கள்ளத் துப்பாக்கிக்காரன் எந்தச் சலானும் கட்டுவதில்லை, யோக்கியனுக்குத்தான் இந்தப் பாடா என்கிற கேள்வியை லைசென்ஸ்காரரே கேட்பார். கேள்வி நியாயமானது, பதில் சின்னது. உரிமத்தைச் சுலபமாக்கினால் கள்ளத் துப்பாக்கி குறையாது, கோபக்கார யோக்கியர்கள்தான் கூடுவார்கள். வரப்புத் தகராறில் கை பரபரத்த ஆள் துப்பாக்கி வாங்க ஆசைப்பட்டால் கையெழுத்துகளுக்காக அவர் நடக்கிற காலத்தில் கோபம் ஆறிவிடும். தகராறே சமாதானமாகி, எதிராளியின் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பதில் தடுமாறுகிற இடம் காட்டுப்பன்றி. கண்மாய்களை நிறைத்திருக்கிற சீமைக்கருவேலுக்குள் குடியிருந்துகொண்டு, ராத்திரியில் இறங்கி நிலக்கடலையையும் சோளத்தையும் உழுதுவிட்டுப் போகிறது. லைசென்ஸ்காரர் வீட்டில் ரைஃபிள் இருக்கிறது, கொல்லையில் பன்றி இருக்கிறது. இரண்டும் சந்திக்கச் சட்டத்தில் இடமில்லை. பக்கத்துக் காட்டுக்காரன் அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியைப் போடுகிறான், அல்லது வேலியில் கரண்டைத் தொடுக்கிறான். அதில் பன்றியோடு மாடும், சில நேரம் மனிதனும் செத்துப்போவது எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே அலைச்சல் யாரையும் காப்பாற்றவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவைச் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர்தான், துப்பாக்கி வீட்டுக்காரர் இல்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு உரிமம் உள்ளவர்களையே அழைத்துச் சுடச் சொல்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்தால் என் வாதத்துக்குப் பங்கமில்லை. ஊருக்கு ஒரு துப்பாக்கி, அதற்கு ஒரு பதிவேடு, கேட்டு அழைக்கிற ஒரு தலைவர். வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை. நம் லைசென்ஸ்காரர் அந்த அழைப்புக்கு எப்போதும் தயார். ஒரே கஷ்டம், அழைப்பு ராத்திரி வரும். அவருக்குக் கண்புரை, மாலை ஆறு மணிக்கு மேல் ஆளையே தெரியாது.

அவர் இப்போது இன்னொரு நெருக்கடியில் இருக்கிறார். உரிமம் புதுப்பிக்கிற தேதி நெருங்குகிறது. ரைஃபிளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ரைஃபிள் பீரோவுக்குள். பீரோவின் சாவித் துவாரத்தில் குளவி மண் வைத்துக் கூடு கட்டிவிட்டது. ஒரு குச்சியால் நெம்பினால் முடிந்தது என்று கையை நீட்டினார். வீட்டம்மாள் பாய்ந்து வந்து தடுத்துவிட்டாள்: குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும், மருமகள் வந்து எட்டு மாதமாகிறது, ஒரு மண்ணு உதிரக் கூடாது. கலெக்டர் உரிமம் மறுத்தால் ஆயுதச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. இதற்கு இல்லை. மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குளவி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.