பட்டுக்கு ஏது காய்ச்சல்?

அந்நாளில் சட்டம் என்றால் பிரான்சின் மார்செய் துறைமுகத்துச் சட்டம்தான் சட்டம். கொள்ளைநோய் ஊரிலிருந்து வரும் கப்பல் கரையைத் தொடக்கூடாது. ஆளும் சரக்கும் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு கண்டிப்பு!

1720 மே மாதம் கிழக்கு மத்தியதரைக்கடலின் லெவான்ட் கரையிலிருந்து ‘கிராண்ட் செயின்ட் அந்த்வான்’ என்ற கப்பல் வந்து நின்றது. வழியில் மாலுமிகள் செத்திருந்தார்கள், வைத்தியம் பார்த்த வைத்தியரும் செத்திருந்தார். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் உள்ளே விடவில்லை. பயந்த சுபாவம்!

மார்செய்க்காரர்கள் விவேகிகள். கப்பலில் இருந்தது பட்டும் பருத்தியும். ஜூலையில் போக்கேர் சந்தை. நோய் காத்திருக்கும், சந்தை காத்திருக்குமா? சரக்கில் நகராட்சி முதல்வர் எஸ்தெலுக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே இழுப்பது அநாகரிகம். விலையுயர்ந்த துணிகள் தனித்தீவுக்குப் போகாமல் ஊரை ஒட்டிய நோய்க்காப்பகத்தில் இறங்கின. அங்கிருந்து சில மூட்டைகள் சொந்தக் காலில் நடந்து ஊருக்குள் போய்விட்டன. துணி நடப்பதைத் தடுக்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

ஊரில் பாதிப் பேர், சுமார் 50,000 பேர், செத்தார்கள். சட்டம் உடனே விழித்தது. ஊரைவிட்டு வெளியேறினால் மரண தண்டனை! மறு ஆண்டு நோயைத் தடுக்க மலைமேல் 27 கிலோமீட்டர் சுவரும் எழுந்தது. மூட்டைகள் போன பிறகு கட்டிய சுவருக்கு வேலைப்பளு குறைவு, நெடுநாள் உழைக்கும்.

குற்றவாளிகளையும் விடவில்லை. கப்பலை எரித்தார்கள். கப்பல் தலைவர் ஷத்தோவை இஃப் தீவுக் கோட்டையில் அடைத்தார்கள். சரக்கில் பங்கு வைத்திருந்த எஸ்தெலை 1722-இல் மன்னர் பிரபுவாக்கினார்.