ஜன்னலைத் திறந்தால் கொலோசியம்

ரோம் நகரத்தில் பதினோரு நாள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு வந்தேன் என்று போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான். அரசியல், சினிமாக் கேள்விகளை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டுத் தபால் முழுக்க ரோம். ஆகவே இந்த வாரம் வாடகைதாரர் சிறப்பிதழ்.

கே: ‘கொலோசியத்திலிருந்து ஐந்து நிமிட நடை’ என்று வீட்டு விளம்பரத்தில் போட்டிருந்ததாமே, நிஜமா? (தாம்பரம் வாசகர்)

ப: நடந்து பார்த்தவர் ஓட்டப்பந்தய வீரர் போலிருக்கிறது. எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ‘ரயில் நிலையத்துக்கு மிக அருகில்’ என்ற மனை விளம்பரத்தை நம்பி ஷேர் ஆட்டோவில் முக்கால் மணி நேரம் போனவர்கள் நாம், இதற்கெல்லாம் அசரலாமா? ‘ஜன்னலிலிருந்து கொலோசியம் தெரியும்’ என்றும் போட்டிருந்தது. அதுவும் பொய்யில்லை. குளியலறை ஜன்னல். முக்காலியில் ஏறி இடது பக்கம் கழுத்தை நீட்டினால், எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிக்கும் ஓர் ஆன்டெனாவுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு வளைவு தெரியும். ஒன்றே ஒன்று. கீழ்த்தளத்தில் மட்டும் 80 வளைவுகளோடு எழுந்த கட்டடம் அது.

கே: எந்தப் பேட்டை? அக்கம்பக்கம் எப்படி? (கும்பகோணம் வாசகி)

ப: மோன்ட்டி. இப்போது ஒயின் கடையும் பழைய துணியை இரட்டை விலைக்கு விற்கும் கடையுமாக ஒயிலாக இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளத்துக்குப் பெயர் சுபுரா. சந்தும் சத்தமும் சண்டையுமாக, ஏழைபாழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அக்கம்பக்கம் என்று கேட்டீர்களே, ஜூலியஸ் சீசர். அவர் முதலில் குடியிருந்தது சுபுராவில் ஒரு சாதாரண வீட்டில்தான் என்று ரோமாபுரி வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

பேட்டையின் ஓரத்தில் சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு கருங்கல் நிறச் சுவர் இன்றும் நிற்கிறது. சீசருக்குப் பிறகு வந்த அகஸ்டஸ், தன் பளிங்கு மன்றத்துக்கும் சுபுராவுக்கும் நடுவே எழுப்பியது. சுபுராவில் தீப்பிடித்தால் இந்தப் பக்கம் தாண்டக் கூடாது, பார்வையிலும் படக் கூடாது. அந்த மன்றத்தையே அகஸ்டஸ் நினைத்ததைவிடக் குறுக்கித்தான் கட்டினாராம். பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து மனையைப் பிடுங்க மனம் துணியவில்லை. உலகத்தை ஆண்டவருக்கும் பக்கத்து மனைத் தகராறு என்றால் பயம்.

கே: வாடகை வீடு என்பதே இந்தக் காலத்துச் சங்கதி இல்லையா? ராஜா காலத்தில் ஏது அப்பார்ட்மென்ட்? (சேலம் வாசகர்)

ப: நல்லவேளை கேட்டீர்கள். நான் பதினோரு நாளும் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு. பழைய ரோமாபுரியில் பெரும்பாலோர் குடியிருந்தது ஐந்து, ஆறு மாடி அடுக்குக் குடியிருப்புகளில். ‘இன்சுலா’ என்று பெயர். கீழே கடைகள், அதற்கு மேல் வசதியான வீடுகள், மேலே போகப் போக வாடகையும் குறையும், வசதியும் குறையும், ஆயுளும் குறையும். தீப்பிடித்தால் கடைசியில் தகவல் தெரிவது மொட்டைமாடிக்காரனுக்குத்தான். பென்ட்ஹவுஸ் என்று இன்று கோடி கொடுத்து வாங்குகிற தளத்தில் அன்று கூலிக்காரர்கள் இருந்தார்கள். கட்டடங்கள் சரிந்து விழுந்து விழுந்து, உயரம் 70 அடியைத் தாண்டக் கூடாது என்று அகஸ்டஸ் கட்டுப்பாடு போட்டார். பின்னால் வந்த மன்னர் டிராஜன் அதை 60 அடியாக்கினார். விதி மீறல் அப்போதும் இருந்ததா என்று சேலத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு ஓனர்களில் பெரிய பெயர்கள் உண்டு. பேச்சாளர் சிசரோ, கி.மு. 44-இல் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தன் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டன, மற்றதிலும் விரிசல், குடித்தனக்காரர்கள் மட்டுமல்ல, எலிகள்கூடக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன என்று. ஓனர் அழுகிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். திரும்பக் கட்டுவதில் லாபம் பார்க்க ஒரு வழி கிடைத்திருக்கிறது என்று அதே கடிதத்தில் குஷியாகிறார். கிராசஸ் என்ற இன்னொரு கனவான், எங்கே தீப்பிடித்தாலும் ஓடிப் போய், எரிகிற வீட்டையும் பக்கத்து வீட்டையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிவிடுவாராம். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க் சொல்கிறார்.

‘வீடு வாடகைக்கு’ போர்டுகூட இருந்தது. பழைய பொம்பெயி நகரத்துச் சுவர் ஒன்றில், ஜூலை 1 முதல் மாடியறையோடு கடைகள் வாடகைக்கு, பிரிமஸைப் பார்க்கவும் என்று எழுதிய விளம்பரம் கிடைத்திருக்கிறது. பிரிமஸ் ஓனருடைய அடிமை. கமிஷன் கேட்காத ஒரே புரோக்கர்.

கே: சீசரால் வாடகைக்காரனுக்கு ஏதாவது நன்மை உண்டா? (மதுரை)

ப: உண்டு. ரோமில் 2,000 செஸ்டர்ஸ் (அந்தக் காலத்து நாணயம்) வரை வாடகை கொடுத்தவர்களுக்கு ஒரு வருஷ வாடகையைத் தள்ளுபடி செய்தார். பிறகு குத்திக் கொன்றார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கே: லிஃப்ட் இருந்ததா சார்? எனக்கு மூட்டு வலி. (நாகர்கோவில்)

ப: விளம்பரத்தில் இருந்தது. மூன்று மாடி, 74 படி. முன்பதிவு செய்வதற்கு முன்பே எத்தனை படி என்று எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். ‘சில படிகள்’ என்று பதில் வந்தால் வேறு வீடு பாருங்கள்.

கே: புதுசாகச் சக்கரம் வைத்த பெரிய பெட்டி வாங்கியிருக்கிறேன். கொண்டு போகலாமா? (கோவை)

ப: கொண்டு போங்கள், சக்கரம் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழைய தெருக்களில் ‘சாம்பியெட்ரீனி’ என்று கைப்பிடி அளவு எரிமலைக் கல்லைப் பதித்திருக்கிறார்கள். தேர்ச்சக்கரத்துக்கே சவால். இரவு பதினொன்றுக்கு அந்தக் கல்லில் நான் பெட்டியை இழுத்துப் போன சத்தத்துக்கு மூன்று ஜன்னல்கள் திறந்தன. ஒன்றிலிருந்து வசவும் வந்தது. இத்தாலி மொழி எனக்குத் தெரியாது. புரிந்தது.

கே: வெளிநாடு என்றாலே பாத்ரூமில் காகிதம்தானே? அதை நினைத்துத்தான் நான் எங்குமே போவதில்லை. (பெயர் வேண்டாம், திருச்சி)

ப: உங்களுக்காகவே படைக்கப்பட்ட தேசம் இத்தாலி. அங்கே வீடுகளில் கழுவிக்கொள்ளத் தனித்தொட்டி, அதாவது ‘பிடே’, இருந்தாக வேண்டும் என்று 1975-இல் அரசாணையே போட்டிருக்கிறார்கள். தைரியமாக டிக்கெட் எடுங்கள்.

கே: சமையல் செய்தீர்களா, இல்லை பதினோரு நாளும் பீட்சாவா? (அரக்கோணம் வாசகி)

ப: மூன்றாம் நாளே சாம்பார். குக்கர் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டிவிட்டார். ஒன்று கவனம்: அங்கே பல வீடுகளுக்கு மின் இணைப்பே மூன்று கிலோவாட்தான். ஏ.சி., ஓவன், துணி துவைக்கும் மிஷின் மூன்றையும் சேர்த்துப் போட்டால் டப். மீட்டர் தரைத்தளத்தில். மறுபடியும் 74 படி. காப்பிக்கு அலமாரியில் ஓர் எண்கோண அலுமினியப் பாத்திரம் இருக்கும். பியாலெட்டி 1933-இல் கொண்டுவந்த மோக்கா. நம் ஃபில்டரில் டிகாக்‌ஷன் கீழே இறங்கும், அதில் மேலே ஏறும். ருசியில் சண்டை வேண்டாம்.

கே: அந்த ஊரில் நம்மவர் சம்பந்தம் ஏதாவது கண்ணில் பட்டதா? ‘எல்லாம் நாம் கொடுத்ததுதான்’ என்று சொல்லிவிடுங்களேன்! (தஞ்சாவூர்)

ப: எல்லாம் இல்லை. மிளகு. ஆனால் அது சின்ன விஷயமும் இல்லை.

கொலோசியத்திலிருந்து பொடிநடையாகப் போனால் மாக்சென்டியஸ் பெருமண்டபத்தின் பிரம்மாண்ட வளைவுகள். அதற்கடியில் மன்னர் டொமீஷியன் காலத்து மிளகுக் கிடங்கின் மிச்சம் இருக்கிறது. ‘ஹோரியா பிப்பரட்டாரியா’ என்று பெயர். மண்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மிளகு சேர நாட்டு மலைச்சரிவிலிருந்து முசிறித் துறைமுகம் வந்து, கடல் தாண்டி, செங்கடல், பாலைவனம், நைல், மறுபடி கடல் என்று வந்து சேர்ந்த சரக்கு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அப்போது மிளகுக்கு நம் பெயர் ‘கறி’. பொன் போகிறதே என்று இந்தப் பக்கம் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி புலம்பினார்: வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறதாம். காரம் ஒன்றைத் தவிர இதில் என்ன இருக்கிறது, இதைப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தவன் யார் என்றுகூட அலுத்துக்கொண்டார். ரசம் குடித்திருந்தால் பேசியிருக்க மாட்டார். கி.பி. 408-இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோம் நகரத்தை முற்றுகையிட்டபோது கேட்ட கப்பத்தில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

அந்தக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி மூலைக் கடையில் ‘காச்சோ எ பேப்பே’ சாப்பிட்டேன். பாஸ்தா, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, இடித்த மிளகு, வேறொன்றும் கிடையாது. மிளகு எந்த ஊருடையது என்று கேட்டேன். வியட்நாம் என்றார் கடைக்காரர். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். (சுத்த சைவர்கள் கவனிக்க: அந்தப் பாலாடைக்கட்டியை உறைய வைப்பது பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் வயிற்றுச் சாறு.)

கே: பக்கத்தில் எதற்கு? கொலோசியத்துக்குள்ளேயே தங்க முடியாதா? (கடலூர் கல்லூரி மாணவர்)

ப: எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷம் தாமதமாக வந்துவிட்டீர்கள். விளையாட்டெல்லாம் நின்றுபோன பிறகு, இடைக்காலத்தில், பார்வையாளர் வரிசைகளுக்கு அடியிலிருந்த அறைகளை வீடாகவும் பட்டறையாகவும் மாற்றிப் பக்கத்து மடத்துத் துறவிகள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1349 பூகம்பத்தில் தெற்குப் பக்கம் சரிந்தது. சரிந்த கல்லை எல்லாம் ஊர்க்காரர்கள் வீடு கட்ட அள்ளிப் போனார்கள். நிற்கும் சுவர் முழுக்க அம்மை வடு போலத் துளைகள் தெரிகின்றனவே, கல்லைப் பிணைத்திருந்த இரும்பைப் பிடுங்கிய இடம் அது.

ஆனால் மனம் தளர வேண்டாம். அகஸ்டஸ் திறந்து வைத்த மார்செல்லஸ் நாடக அரங்கத்தின் மேல்தளத்தில் இன்றும் அப்பார்ட்மென்ட் இருக்கிறது, ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாடகையைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை.

கே: கட்டணக் கழிப்பறையை எதிர்த்து எங்கள் ஊரில் போராட்டம். அங்கே எப்படி? (விழுப்புரம்)

ப: மூத்திரத்துக்கே வரி போட்ட ஊரில் போய்க் கேட்கிறீர்களே! தோல் பதனிடவும் துணி வெளுக்கவும் அது விலை போனது. மாமன்னர் வெஸ்பேசியன் அதிலும் வரி வசூலித்தார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வசூலான நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டாராம். கொலோசியத்தைத் தொடங்கிய அப்பா அவர், கி.பி. 80-இல் திறந்து வைத்த பிள்ளை அவன். தெருவோரக் கழிப்பறையை இத்தாலியில் இன்றும் ‘வெஸ்பசியானோ’ என்பார்கள்.

கே: தண்ணீர் பாட்டிலுக்கு எவ்வளவு ஆகும்? (ராமநாதபுரம்)

ப: ஒரு பைசா வேண்டாம். 1874 முதல் தெருவுக்குத் தெரு வார்ப்பிரும்புக் குழாய் வைத்திருக்கிறார்கள். ‘நாசோனி’, பெருமூக்கன்கள். சுமார் 2,500 இருக்கின்றன, இடைவிடாமல் குடிநீர் கொட்டுகிறது. மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே ஒரு துளை வழியாகப் பீய்ச்சும். வாய் வைக்காமல் குடிக்கலாம். ராமநாதபுரத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் இதற்கு மேல் வர்ணிக்க மாட்டேன்.

கே: சுற்றுலாப் பயணிகளால் உள்ளூர்க்காரர்கள் வீடில்லாமல் தவிக்கிறார்களாமே? உங்களுக்குக் குற்ற உணர்ச்சி இல்லையா? (புதுச்சேரி)

ப: இருந்தது. 2024 கடைசியில், வாடகை வீட்டுச் சாவிகளை வைக்கும் எண்பூட்டுப் பெட்டிகளின் மேல் யாரோ பச்சை ராபின் ஹூட் தொப்பிகளை மாட்டிவிட்டுப் போனார்கள். பணக்காரனிடமிருந்து எடுத்து ஏழைக்குக் கொடுக்கச் சொல்லி. அந்த ஆண்டு நவம்பரில், விருந்தாளியின் முகத்தை நேரில் பார்த்துத்தான் சாவி தர வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. ஓனர் பாஸ்போர்ட் கேட்டால் சந்தேகப்படாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் தர அவர் கடமைப்பட்டவர். வீட்டுக்குத் தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத வீட்டுக்குப் போகாதீர்கள். தலைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று நகர வரியும் தனியாக உண்டு.

எங்கள் கட்டடத்தில் அழைப்பு மணிப் பலகையில் ஒன்பது பொத்தான். ஆறில் பெயரே இல்லை, வெறும் எண்கள். குக்கர் சத்தத்துக்கு வந்த பாட்டி மீதி மூன்றில் ஒருவர். சத்தம் போட வந்தாரென்று நினைத்தேன். எத்தனை நாள் இருப்பீர்கள் என்றுதான் கேட்டார். பதினொன்று என்று விரலில் காட்டத் திணறினேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் போய்விடுகிறார்களாம். மறுநாள் ஒரு கிண்ணம் சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, கருத்து எதுவும் வரவில்லை.

கே: கொலோசியம் சுவரில் என் பெயரையும் அவள் பெயரையும் செதுக்க ஆசை. (ஈரோடு)

ப: 2023-இல் ஒருவர் சாவியால் செதுக்கி, வழக்கில் மாட்டி, இவ்வளவு பழைய கட்டடம் என்று தெரியாது என மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவளுக்கு உங்களைப் பிடிக்காமல் போக வேறு வழியே கிடைக்கவில்லையா?

கே: அட்வான்ஸ் முழுசாகத் திரும்பியதா? (எங்கள் தெருவில் குடியிருப்பவர் எழுதியது, கையெழுத்து தெரிகிறது)

ப: இருபது யூரோ கழித்துக்கொண்டார். அடுப்பங்கரைச் சுவரில் மஞ்சள் கறை. சாவி கொடுத்த அன்று அதே சுவரைத் தட்டிக்காட்டி, 300 வருஷச் சுவர், எதற்கும் அசையாது என்று பெருமைப்பட்டவர்தான். எனக்குக் கோபமில்லை. அடுத்த 300 வருஷத்துக்கு அந்த வீட்டில் என் சாம்பார் இருக்கும்.