அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?

நான் சுட்ட முதல் பிரெட்டின் வாசனை மாடிப்படி வரைக்கும் போயிருக்க வேண்டும். எதிர் வீட்டு சார் வந்து கதவைத் தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் திருச்சிப் பக்கம் பிரெட் என்பது பலகாரம் இல்லை, நோயின் அறிகுறி. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரெட், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி. சின்ன வயதில் அப்பா சாயங்காலம் பையில் பிரெட்டோடு வந்துவிட்டால், யாருக்குக் காய்ச்சல் என்று நாங்கள் ஒருவர் நெற்றியை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். அப்பேர்ப்பட்ட வஸ்துவை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற ஐந்து பேருக்கு வாராவாரம் வீட்டிலேயே சுட்டுத் தருவதாக ஐம்பத்திரண்டாவது வயதில் நான் கிளம்பினேன்.

ஹாஸ்டலில் இருந்து வந்த மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். கடை பிரெட்டின் உறையைப் பிரித்து, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம் வாய்விட்டுப் படித்தாள். பாதி பெயர்கள் பெயிண்ட் கடையில் கேட்ட மாதிரி இருந்தன. “மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். நாலே நாலு சாமான். இதில் தப்புப் பண்ண என்ன இருக்கிறது?” என்றேன். என் மனைவி பதில் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொன்னதில்லை.

கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. பேக்கரிக்காரர்கள் மாவை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அதற்குச் சதவீதமாகச் சொல்கிறார்கள். தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1. பேங்கில் இருபத்தெட்டு வருஷம் வட்டி போட்டவனுக்கு இது தாய்மொழி. 500 கிராம் மைதாவுக்கு 325 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். இதற்காகவே ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். நான் தராசில் உப்பைத் துளித்துளியாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் அம்மா நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து ஊறப்போட்டாள். உப்பைக் கையால் அள்ளினாள். மறுநாள் காலையில் அவள் மாவு தூக்கின் மூடியை முட்டிக்கொண்டு நின்றது. என் மாவு முந்தின நாள் வைத்த இடத்தில், வைத்த உயரத்தில், வைத்த மாதிரியே இருந்தது.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. ஈஸ்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்க வேண்டும். சூடு 60 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் அது செத்துவிடும். நான் விரலை விட்டுத்தான் பார்த்தேன். தினம் மூன்று வேளை ஆற்றாத ஃபில்டர் காபி டம்ளரைப் பிடிக்கிற விரல் அது. அதற்கு வெதுவெதுப்பு என்றால் வேறு அர்த்தம்.

அடுத்து வந்தது பிசைகிற கட்டம். மைதாவில் இருக்கிற குளூட்டன், பிசையப் பிசைய வலை மாதிரி பின்னிக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கும். பதம் சரியா என்று பார்க்க, ஒரு உருண்டையை எடுத்து இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். கிழியாமல் கண்ணாடித்தாள் மாதிரி வெளிச்சம் தெரிந்தால் பாஸ். நான் இழுத்தேன். வெளிச்சம் தெரியவில்லை, ஓட்டை வழியாக மனைவியின் முகம் தெரிந்தது. பார்சல் வாங்குகிற சாக்கில் முக்குப் புரோட்டாக் கடையில் போய் நின்று மாஸ்டரைக் கவனித்தேன். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, யாரையோ திட்டிக்கொண்டே அவர் வீசுகிற மாவு வேட்டி அகலத்துக்கு விரிகிறது. அடியில் கல்லின் நிறம் தெரிகிறது. “சாருக்கு எத்தனை?” என்றார். கூச்சத்தில் பத்து என்றேன். அன்று ராத்திரி எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து மாவு ஒருவழியாகப் பொங்கியது. எதிர் வீட்டு சார் மோப்பம் பிடித்தது இந்த பிரெட்டைத்தான். செய்முறையில் 450 டிகிரி என்று போட்டிருந்தது. என் ஓவனின் திருகு 250-லேயே நின்றுவிட்டது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவரை மனதுக்குள் வைதுவிட்டு, குறைகிற சூட்டுக்கு ஈடாக நேரத்தை இரண்டு மடங்காக்கினேன். பேங்க் மூளை. 450 என்றது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 232தான் என்று மகள் சொன்னபோது பிரெட்டை வெளியே எடுத்தாகிவிட்டது. நிறம் நம் வீட்டு வாசல்படி நிறம். கத்தி இறங்கவில்லை. தேங்காய் அரிவாளைக் கேட்டேன், கொடுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஒரு துண்டை உடைத்து மொட்டை மாடியில் காகத்துக்கு வைத்தேன். வந்தது. கொத்தியது. டக் என்று சத்தம். தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு துண்டைக் கவ்விக்கொண்டு போய், வெயிலுக்குப் பறவைகளுக்கென்று வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தது. சற்றுப் பொறுத்து அலகால் புரட்டிப் பார்த்தது. இன்னும் ஊறவில்லை. மறுபடி காத்திருந்தது. அவ்வளவு பொறுமையாக என் சமையலை யாரும் இதுவரை அணுகியதில்லை.

அடுத்த தடவை வேறு மாதிரி போனது. ‘அறை வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கவும்’ என்று எழுதிய புண்ணியவானின் அறை எந்த ஊரில் இருக்கிறதோ. மே மாதத்துத் திருச்சியில் எங்கள் சமையலறைதான் முதல் ஓவன். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து வந்தால், மாவு பாத்திரத்தை விட்டு இறங்கி மேடை வழியாக பர்னரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. புளித்த நெடி வேறு. அம்மா மூக்கைச் சுளித்தாள். கோவாவில் பாவ் சுடுகிறவர்கள் முன்னெல்லாம் தென்னங்கள்ளை ஊற்றித்தான் மாவைப் பொங்க வைத்தார்கள் என்று என் படிப்பைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. “அதானே பார்த்தேன். கள்ளா ஊத்தியிருக்கே?” என்று ஆரம்பித்து, அன்று மாலைக்குள் இரண்டு அத்தைகளுக்கு போனில் தகவல் போய்விட்டது.

இதற்கிடையில் ஈஸ்டே இல்லாமல் புளிக்க வைக்கிறேன் என்று கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து ஒரு ஜாடியில் வளர்த்தேன். தினமும் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டுப் புது மாவு போட வேண்டும். “கொட்டறதா?” என்று அம்மா கையைப் பிடித்துவிட்டாள். அதில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு தோசை வார்த்தாள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் லேசாகப் புளித்து, பிரமாதம். பையன் ஆறு தின்றான். அதிலிருந்து எங்கள் வீட்டில் கொட்டுகிற பாதி தோசையாகிறது, வைத்துக்கொள்கிற பாதிதான் வீணாகிறது.

கரண்ட் பில்லைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஓவன் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். தாண்டினோம். அந்தச் சீட்டை மனைவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆனாலும் விடவில்லை. எட்டாவது பிரெட் கத்தியில் அறுபட்டது. பதினோராவதில் ஓட்டைகள் வந்தன. இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் ஒன்று சுட்டு மேடையில் துணி போர்த்தி வைக்கிறேன். திங்கட்கிழமை அது பிரெட் உப்புமாவாகிறது.

போன மாதம் எனக்கே காய்ச்சல் வந்தது. 102. போர்வைக்குள் கிடக்கிறேன். கூடத்தில் அம்மாவின் குரல்: “தம்பி, முக்குக் கடைக்கு ஓடிப்போய் ஒரு பிரெட் வாங்கிட்டு வா.”

“வீட்லயே இருக்கே பாட்டி, அப்பா சுட்டது.”

“காய்ச்சக்காரனுக்கு அதையாடா குடுக்கறது?”

கடை பிரெட் வந்தது. பெயிண்ட் கடைப் பெயர்கள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருந்தன. அம்மா ஒரு துண்டைச் சூடான பாலில் போட்டு, டம்ளரைக் கையில் கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அது ஊறுவதற்காகக் காத்திருந்தேன். ஸ்பூனால் ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன்.