இசட் மதிப்பில் நாலு ரன்னின் இடம்: ஓர் ஆய்வு

1. வரையறை: ஓர் ஆட்டக்காரரின் எண்ணிலிருந்து கூட்டத்தின் சராசரியைக் கழித்து, மீதியைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது இசட் மதிப்பு. ரன்னும் கோலும் ஒரே தராசில் ஏறுவது இதனால்தான் (காண்க: மேற்படி).

2. வகைகள்: கூடினால் பெருமை: ரன், கோல். குறைந்தால் பெருமை: நூறு மீட்டர் ஓட்டம், கோல்ஃப், இங்கே கழித்தல் குறி கண்டு வருந்தலாகாது. கேரம்: யாரும் குறித்துவைப்பதில்லை.

3. செய்முறை: தெரு அணி ஒன்றில் ஐவரின் ரன்கள் 12, 18, 20, 22, 28 என்க. சராசரி 20. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 136. திட்ட விலக்கம் பெற இதை ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் காண்பதா, நான்கால் வகுத்துக் காண்பதா? ஐவரே முழு அணி என்னும் ஐந்தார் மரபில், 28 எடுத்தவரின் இசட் மதிப்பு 1.53. ஐவர் பெருங்கூட்டத்தின் ஒரு கூறே என்னும் நான்கார் மரபில் 1.37. இரண்டிலும் அவரே முதல்வர். ஆயினும் பூசல் ஓய்ந்தபாடில்லை (காண்க: மேற்படி, மேற்படிக்கு மறுப்பு, மறுத்தவர் அதையே வேறு தலைப்பில் மீண்டும் வெளியிட்டது).

4. நாலு ரன் சிக்கல்: 1948 ஆகஸ்ட் 14, ஓவல் மைதானம். எரிக் ஹோலிஸின் கூக்ளியில் டான் பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் இரண்டாவது பந்திலேயே டக் அவுட். நாலு ரன் எடுத்திருந்தால் டெஸ்ட் சராசரி 100, நின்றதோ 99.94. கிரிக்கெட் உலகம் இன்றும் உச்சுக்கொட்டுகிறது.

ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் சார்லஸ் டேவிஸின் கணக்கில் பிராட்மனின் இசட் மதிப்பு 4.4; பெலேவுக்கு 3.7, மைக்கேல் ஜோர்டானுக்கு 3.4. கூட்டத்தின் சராசரி 40, திட்ட விலக்கம் 13.6 என்று வைத்துப் பார்த்தால் 99.94க்கு 4.407, 100க்கு 4.412. ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கினால் இரண்டும் 4.4. உச்சுக்கொட்டலுக்குக் கணக்கில் இடமில்லை.

ஆயின் இழப்பு எவ்வளவு? முழுதாக்கியபின் கழித்தால் 0.005; கழித்தபின் முழுதாக்கினால் 0.004. இடையில் காணாமற்போன 0.001 எங்கே போயிற்று என்பதே இத்துறையின் தலையாய கேள்வி. முனைவர் பட்டத்துக்கு இது தாராளமாகப் போதும் (காண்க: மேற்படி, அதன் அடிக்குறிப்பு, அடிக்குறிப்பின் பிழைதிருத்தம், பிழைதிருத்தத்தில் நேர்ந்த அச்சுப்பிழை குறித்து ஆசிரியர் தம்மையே ஏழுமுறை மேற்கோள் காட்டும் இடம்).

5. வரம்பு: எல்லாரும் ஒரே ரன் எடுத்தால் திட்ட விலக்கம் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க இயலாது. ஆகவே அணி முழுதும் முட்டை போட்ட ஆட்டத்தில் யாரையும் தனியே திட்ட இசட் மதிப்பில் வழியில்லை.